பேலோர்

பாபுராவ் தெருவில்
ரூம் காலியா என்று கேட்பது போலத்தான்
அந்தப் பெட்டியில் அடித்துக் கேட்டேன்:
இந்தப் பெயர் காலியா?

இல்லை என்றது.
இரண்டு எல் போட்ட வேலூர், ஒட்டினாற்போல் லாட்ஜ்.
எட்டு வருஷமாய் யாரோ வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்.
உள்ளே எட்டிப் பார்த்தேன்.
வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரே வரி:
விற்பனைக்கு.
டாலர் விலையைத் தன்வீர் பெருக்கிச் சொன்னான்,
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

ஆறு உண்டு தண்ணி இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை என்று
எங்கள் ஊரை நாங்களே கிண்டல் செய்வோம்.
இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.
பெயர் உண்டு, குடியிருக்க ஆளில்லை.

என்னிடம் இருப்பது ஒரு நீள நோட்டு.
லாட்ஜ் இருநூற்றுப் பன்னிரண்டு.
எதில் லிஃப்ட் உண்டு,
எதில் உண்டென்று சொல்லி மூன்று மாடி ஏற்றுவார்கள்,
எங்கே கேஸ் அடுப்பு நாள் வாடகைக்கு,
எங்கே மீன் பொரித்தால் சண்டை,
எந்த ஓனர் கீமோ வாரத்தில்
பாதி வாடகை வாங்கிக்கொண்டு மீதியை மறந்துபோவார்.
(அதை மட்டும் போடாதே என்றார். போடவில்லை.)
பதினோரு வருஷ நைட் டியூட்டியில்
கொசுவத்திப் புகையில் எழுதியது.

விடிகாலை நாலு மணிக்குக் காட்பாடியில்
ஃபைலும் ஸ்கேன் கவரும் தலையணையுமாய் இறங்குகிறவர்களுக்கு
இது ரயில் ஏறும் முன்பே கிடைக்கவேண்டும்.
முதல் ஆட்டோக்காரர் பையைத் தூக்கும் முன்பே.

நடுவில் கோடு போட்டுப் பார்த்தேன். போயிருந்தது.
ஒரு எல்லைக் குறைத்தேன்.
தப்பாய் அடிப்பவர்களுக்கென்றே ஒருவன்
அங்கேயும் வலை விரித்து உட்கார்ந்திருந்தான்.
தோட்டப்பாளையம் காலி.
"அதை இங்கிலீஷில் அடித்து முடிப்பதற்குள்
பேஷண்ட் டிஸ்சார்ஜே ஆகிவிடுவார்" என்றான் தன்வீர்.

எட்டு வருஷத்துக்காரருக்குக் கடிதம் போட்டேன்.
நோயாளிகளுக்காக, லாபத்துக்கில்லை,
பார்த்துக் கொடுங்கள்.
இரண்டே நாளில் பதில், ரொம்ப மரியாதையாக.
ஐயாயிரம் குறைத்திருந்தார்.

பிறகு ஓர் ஐப்பசி இரவு, நல்ல மழை.
முப்பத்தாறாம் நம்பர் அறைக்கு
ஷிபானி பௌமிக், ஜல்பைகுரி,
அப்பாவுக்கு ரத்தத்தில் என்னவோ.
ஈரக் கையோடு ரெஜிஸ்டரை நிரப்பினாள்.
"அடுத்துப் போகும் இடம்" என்ற கட்டத்தில்
எங்கள் ஊரையே எழுதினாள்,
வந்து சேர்ந்தது இன்னும் நம்பிக்கையில்லாதவள் மாதிரி.
பி எச் இ எல் ஓ ஆர் இ.

சிவப்புப் பேனாவை எடுத்தவன்
நிறுத்தினேன்.

பழைய ரெஜிஸ்டர்களை இறக்கினேன்.
மால்டா, அகர்தலா, துப்ரி,
பக்கத்துக்குப் பக்கம் அதே பி எச்.
ஒவ்வொன்றையும் அடித்து
மேலே சரியான ஸ்பெல்லிங் எழுதியிருந்தது
என் கையெழுத்து.
கேட்காமலே திருத்திய வாத்தியார்.
அவர்கள் வாயில் என்றைக்கும் இந்த ஊர்
பேலோர்தான்.
டிக்கெட் எடுக்கும்போதும், கடன் கேட்கும்போதும்,
கடவுளிடம் சொல்லும்போதும்.

தன்வீரைத் தட்டி எழுப்பினேன்.
பேலோர் லாட்ஜ் காலியா?
கண்ணைக் கசக்கிக்கொண்டே அடித்தான்.
காலி.
எழுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.

பட்டா மாதிரி ஒரு மெயில் வந்தது.
என் பெயர், கதவு எண், கஸ்பா, வேலூர் ஒன்று.
கீழே பொடி எழுத்தில்:
ஒரு வருஷத்துக்கு மட்டும்,
புதுப்பிக்காவிட்டால் பிறருக்குத் தரப்படும்.
ஆக, இதற்கும் செக்-அவுட் உண்டு.

காலையில் பிளாஸ்க்கோடு இறங்கி வந்தவளிடம்
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
வாய்விட்டுப் படித்தாள்.
தப்பு எதுவும் தெரியவில்லை அவளுக்கு.
தலையாட்டிவிட்டு,
வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.

ஆறரைக்கு என்றேன்.
நோட்டில் அது இல்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு லாட்ஜுக்கும்
இனிமேல்தான் கேட்டு எழுதவேண்டும்.