அமுங்கிய மூன்று

மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்.
அதில் நான் ஓட்டியது கடைசி நாலாயிரம்.
மிச்சமெல்லாம் எனக்கு முன்னால்
இந்த ஸ்கார்ப்பியோவை வைத்திருந்த மூன்று பேருடையது.

ஐப்பசியில் வாங்கினேன், மார்கழியில் ஆரம்பித்தது.
அரவேணுவில் புல் வெளுத்துக் கிடக்கும் விடிகாலை
சாவியைத் திருப்பினால்
டைப்ரைட்டிங் வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்த யாரோ
பானெட்டுக்குள் உட்கார்ந்து
ஒரே எழுத்தை அடிக்கிறார்கள்.

குஞ்சப்பனை இறங்குவதற்குள் சூடாகி அடங்கிவிடும்.
மேட்டுப்பாளையத்தில் யாரிடம் காட்டினாலும்
"வண்டி நல்லாத்தானே இருக்கு?"
பல்வலி ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுமே, அது மாதிரி.

இன்ஜெக்டர் என்றார் ஒருவர்.
டைமிங் செயின், ஹெட்டை இறக்கணும் என்றார் இன்னொருவர்
முன்பணத்துக்கும் சேர்த்துக் கை நீட்டி.
சைலன்சர் கேஸ்கெட்தான் என்று சத்தியம் செய்தான் மச்சான்.
அவன் ஓட்டுவது டிவிஎஸ் ஃபிஃப்டி.

ஆல்துரை ஒன்றும் சொல்லவில்லை.
"ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போ. குளிரட்டும்."

ஐந்தரைக்கு வந்தான், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்,
கையில் ஓரடி நீள ஸ்க்ரூ டிரைவர்.
நுனியை வால்வு மூடிமேல் ஊன்றி
பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் வைத்துக்
கண்ணை மூடினான்.
ஒன்று.
நகர்த்தினான். இரண்டு.
மூன்றில் நின்றான்.
பிடியை எனக்குத் தந்தான்.
என் மண்டைக்குள்ளேயே தட்டியது.

"கிராங்க் ரெண்டு சுத்து போனா இது ஒருவாட்டி அடிக்குது.
அப்ப மேலதான். டேப்பெட்."

ஆயில் இறக்கும்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.
அது வழியவில்லை. கருப்பட்டிப் பாகாய்
யோசித்து யோசித்து விழுந்தது.
"வித்தவன் கெட்டி ஆயில் ஊத்தியிருக்கான்.
கீழ வெயில்ல சத்தத்த அமுக்கும்.
இங்க குளிர்ல மேல ஏறவே ஏறாது."

வாங்கிய அன்று
எவ்வளவு அமைதியான இஞ்சின் என்று
அந்த மனிதருக்குக் கூடவே ஐயாயிரம் கொடுத்தவன் நான்.

பழைய துண்டின்மேல் பதினாறும் வரிசையாய்,
விரல் நுனியளவு எஃகு.
ஒவ்வொன்றாய் எடுத்து அழுத்திப் பார்த்தான்.
நல்லது கல்லாய் நின்றது.
கெட்டது ஸ்பாஞ்சு.
மூன்று அமுங்கின.
"மூணு மாத்துனா போதாதா?"
"மத்த பதிமூணுக்கும் அதே வயசு."

புதியவை கோயம்புத்தூரிலிருந்து வந்தன,
அரசு பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்கு அடியில்,
யாருடையதோ கல்யாண ஜாக்கெட்டுகளோடு.
ராத்திரி முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டிலில்
ஆயிலில் ஊறின, உளுந்து மாதிரி.
சம்ப்பின் சல்லடையில் அப்பியிருந்த கரியை நான்தான் தேய்த்தேன்,
டூத் பிரஷ்ஷால், பில்லில் இருநூறு குறையும் என்று.

மறுநாள் சாவி திருப்பினால்
பதினாறும் சேர்ந்து அடித்தன,
தகரக் கூரையில் ஆலங்கட்டி.
நான் மனதுக்குள் நோட்டுகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.
ஆல்துரை டீயை ஊதினான்.
"உள்ள இருக்கற காத்து வெளிய வரணும். இரு."
பாதி டீயில் ஒன்று ஓய்ந்தது.
பிறகு நாலைந்து.
அவன் கிளாஸைக் கீழே வைத்தபோது
கிளாஸ் வைத்த சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு ரெஜினா
ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.
தேயிலை ஃபேக்டரி வண்டி போயே போய்விட்டது.
"என்னண்ணா, இன்னிக்கு வண்டி எடுக்கலையா?"
எடுத்து, துடைத்து, திருப்பியும் நிறுத்தியாயிற்று.
இரண்டு மாதமாய் என் மூன்றாவது சிலிண்டர் கேட்டுத்தான்
அவள் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.

ஏறிக்கொள், விட்டுவிடுகிறேன் என்றேன்.
முதல் கொண்டை ஊசி திரும்பும்போது
தலையைச் சாய்த்துக் கேட்டாள்:
"முன்னாடி இடது சக்கரத்துல என்னமோ உறுமுதே,
எப்பவுமே இப்படித்தானா?"