சீட்டு இல்லாத மூட்டை

சிலோயே தீவு, அச்சாவ் மீன்சந்தை.
மழை இங்கே மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வந்து அறையும்.
எர்சிலியா கார்கமோவின் மேசையில்
இருபத்தெட்டுக் கிலோ மட்டி.
எந்த விரிகுடாவில் அள்ளியது என்று சொல்லும்
சீட்டு மட்டும் இல்லை.

"முகர்ந்து பார்" என்றாள்.
முகர்ந்தேன். கடல். வேறொன்றுமில்லை.
"தின்று காட்டவா?"
ஓட்டை நெம்பி எலுமிச்சையை எடுத்துவிட்டாள்.
நான் போட்ட கத்தலில்
பக்கத்து மேசைக்காரன் கையிலிருந்த மீனை நழுவவிட்டான்.

சிவப்பு அலை என்று அதற்குப் பெயர்.
கடல் சிவந்தால் பரவாயில்லை,
பார்த்தாவது ஒதுங்கலாம்.
நாற்றம் கிடையாது. கசப்பு கிடையாது.
கொதிக்கும் பானைக்கும் அது அஞ்சாது.
முதலில் உதடு மரக்கும்,
அப்புறம் விரல் நுனி,
அப்புறம் நெஞ்சு
மூச்சிழுக்க மறந்துபோகும்.

"என் வீட்டு அடுப்பு உன் சட்டத்துக்குத் தெரியுமா?"
தெரியாது, எர்சிலியா.
அதற்கு யாரையுமே தெரியாது.
மத்தியானப் படகில் ஒருவன் வந்திறங்குவான்,
பசியோடு, இரண்டு பிள்ளைகளோடு.
உன் கையின் சுத்தம் அவனுக்குத் தெரியாது,
உன் கணவன் எங்கே வலை போட்டான் என்று
கேட்கவும் தோன்றாது.
தட்டைப் பார்ப்பான், உண்பான்.
அவன் கேட்காத கேள்வியை
அவனுக்கு முன்பே வந்து கேட்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஒரு கையளவை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு
மீதியின் மேல் குளோரினைக் கொட்டினேன்.
"உண்ட வீட்டுக்கு இரண்டகம்" என்றாள்.
உண்மைதான். போன புத்தாண்டில்
அவள் வீட்டுக் குழியடுப்பில் வெந்த மட்டியை
மூன்று தட்டு தின்றவள் நான்.
அன்று சீட்டைக் கேட்டேனா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நாலாம் நாள் ஆய்வுக்கூடத் தாள் வந்தது:
நஞ்சு, அனுமதித்த அளவுக்குள்.
விற்றிருக்கலாம். தின்றிருக்கலாம்.
அஞ்சலில் அனுப்பியிருக்கலாம்,
நானே கொண்டுபோனேன்.
நின்றபடி இருமுறை படித்தாள்.
இருபத்தெட்டுக் கிலோ, என்றாள்.
தாளை நாலாய் மடித்து
ஆடும் தராசின் ஒரு காலுக்குக் கீழே செருகினாள்.

அடுத்த செவ்வாய் அவள் மூட்டையின் கழுத்தில்
நனையாதபடி பிளாஸ்டிக்கில் சுற்றிய சீட்டு.
விரிகுடா, தேதி, படகின் எண், எல்லாம் சரி.
நான் ஒரு கிலோ கேட்டேன்.
நிறுத்தாள், கட்டினாள்,
சில்லறையை எண்ணி வைத்தாள்.

தராசு ஆடவில்லை.
இன்னும் என்னோடு பேசவில்லை.