கருகிய ரொட்டிக்குச் சம்பளம்

என் அப்பா ரொட்டி கருக்கிச் சம்பாதித்தார்.
பர்பாங்கில், ஆறாம் எண் அரங்கில்,
வாரம் ஐந்து நாள்.

தொடரில் வரும் தகப்பனுக்கு
அடுப்பங்கரையில் எதுவுமே தெரியாது.
தெரியாததால்தான் அவன் நல்லவன்.
புகை கிளம்பவேண்டும், அலாரம் அலறவேண்டும்,
மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில்
மூக்கைப் பொத்தவேண்டும்.
சிரிப்பு.

ஒரு காட்சிக்கு நாற்பத்திரண்டு துண்டுகள்.
விளிம்பில் கரி, நடுவில் பழுப்பு,
எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பார் இயக்குநர்.
அப்பா கையில் சின்ன கேஸ் பர்னரோடு
ஒவ்வொன்றாகத் தீட்டுவார்.
வீட்டில் அவர் ஒருநாளும்
எதையும் தீயவிட்டதில்லை.

அந்த வீட்டு அம்மா
முதல் பகுதிக்கு முன்பே செத்துப்போயிருந்தாள்.
கணப்புக்கு மேலே அவள் படம்:
கணக்குப் பிரிவில் வேலைபார்த்த மிஸ் ஹால்வர்சன்.
படமெடுத்த அன்று அவருக்குப் பல்வலி.
அதுதான் அந்தச் சோகப் புன்னகை.

என் அம்மா சாகவில்லை.
டகோமாவில் இருந்தாள்.
ஞாயிறு நான்கு மணிக்குப் பேசுவாள்,
பேசாமலும் இருப்பாள்.
அப்படி ஒருத்தியை மாட்ட
எந்தக் கணப்புக்கு மேலும் ஆணி அடித்திருக்கவில்லை.

இரவு ஒன்பது மணித் தொடர்களிலும்
தனித்த தகப்பன்கள் இருந்தார்கள்.
துப்பறிகிறவர்கள், வக்கீல்கள்,
மழையில் காரை நிறுத்திவிட்டு
ஸ்டியரிங்கில் நெற்றி சாய்க்கிறவர்கள்.
அவர்களுக்கென்றே ஒரு பியானோ காத்திருக்கும்.
அந்த வீடுகளில் துணி மடிப்பது யார் என்று
கடைசிவரை கவனித்துக்கொண்டிருந்தேன்.
யாரும் மடிக்கவில்லை.

எழுத்தாளர்கள் ஒருமுறை அப்பாவைக் கூப்பிட்டார்கள்.
"ஆர்லோ, நீ தனியாகத்தானே வளர்க்கிறாய்,
ஏதாவது சொல்லேன்."
"பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டு
சீட்டில் அவள் விட்டுப்போன பாதி சாண்ட்விச்சைத் தின்பேன்."
"பிறகு?"
"பிறகு என்ன, வேலைக்கு வருவேன்."
பென்சில்கள் மேசைக்குத் திரும்பின.
சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை,
இருபத்திரண்டு நிமிடத்தில் அதை எங்கே செருகுவது?

இரண்டாம் ஆண்டு, பதினேழாம் பகுதி.
மறுநாள் மகளுக்குப் பள்ளியில் படமெடுக்கும் நாள்.
தகப்பன் நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து
தரை துடைக்கும் மாப்பின் நூலில்
பின்னல் பழகுகிறான்.
நடிகருக்கு வரவில்லை.
யாருக்காவது வருமா என்றார் இயக்குநர்.
விளக்குக்காரர்கள் பன்னிரண்டு பேரும்
தரையைப் பார்த்தார்கள்.
அப்பா சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார்.

அன்று என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை,
பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்திருந்தார்.
தலைக்குமேல் மைக் தொங்கியது.
மானிட்டரில் பெரிதாக விரல்கள்,
மூன்று புரி, மேலே, கீழே, மேலே.
இடது கட்டைவிரலில் பர்னர் சுட்ட வடு.
எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது.
முந்நூறு பேர் உருகிப்போய்
மூச்சடக்கி இருந்த இடம் அது.

இப்போது ஸ்போகேனில், மருத்துவமனையில் இரவுப்பணி.
மூன்றாம் கட்டில் திரு. வோய்ட்டெக் தூங்கமாட்டார்,
பழைய தொடர்களாக ஓடவிடுவார்.
நேற்று பதினேழாம் பகுதி.
பியானோ. மாப். விரல்கள்.
எங்கோ பின்வரிசையில் ஒரு சிறுமி
தப்பான இடத்தில் சிரிக்கிறாள்.
அதை அவர்கள் வெட்டவேயில்லை.

"தாயில்லாப் பிள்ளைகள், பாவம்" என்றார் வோய்ட்டெக்.
நான் சலைன் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை தவறி, மறுபடி ஆரம்பித்தேன்.

காலையில் ஃப்ரெஸ்னோவுக்குப் போன் செய்தேன்.
முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார்.
எந்தத் தொடர் என்று கேட்டார்.
நீங்கள் பின்னினீர்களே, அது என்றேன்.
"அதுவா. மாப் நூல் வழுக்கும்.
உன் தலைமுடி அதற்கு எவ்வளவோ மேல்."
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அவராகவே,
"அந்த நாற்பத்திரண்டையும் என்ன செய்வோம் தெரியுமா,
வண்டி நிறுத்துமிடத்தில் புறாக்களுக்குப் போடுவோம்.
கெட்டிக்காரப் பிராணிகள்.
கரியைத் தொடாது.
நடுவில் இருக்கும் பழுப்பை மட்டும்
வட்டமாகக் கொத்தி எடுத்துக்கொண்டு போகும்."