குறிப்பு: நாற்பது எழுத்துக்குள்

காலை ஆறரைக்கு என் திரையில்
முப்பத்தெட்டு வாய்கள் காத்திருக்கின்றன.
முதல் வருடம் ஒவ்வொன்றையும் முழுசாகப் பார்த்தேன்.
இப்போது ஒன்றரை மடங்கு வேகத்தில்.
தண்ணீர் இறங்குகையில் தொண்டைக்குமிழ்
தூண்டில் தக்கைபோல் அமிழ்ந்து எழுகிறது.

மாத்திரையைக் காட்டு. நாக்கில் வை. விழுங்கு.
வாயைத் திற. நாக்கைத் தூக்கு.
நன்றி சொல்ல விதியில் இடமில்லை.
சிலர் சொல்கிறார்கள்.

ஒனீசிம் கிரெக்கு,
பெல்ட்ஸ் சர்க்கரை ஆலைக்குப் பீட்கிழங்கு லாரி ஓட்டியவர்.
இரண்டு மருந்துக்குப் பணியாத காசநோய்,
தினமும் பதின்மூன்று.
தோலைக் கறுக்கவைக்கும் சிவப்பு உருண்டை,
கால்விரல்களை மரக்கச் செய்யும் வெள்ளை,
கெட்ட கனவுகளோடு வரும் ஒன்று.
முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை.
என் முகத்தை அவர் பார்த்ததேயில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலமாரியில் ஒரு பழைய பேரேடு.
மாத்திரை தவறியவர்களுக்கு அதில் ஒரே பெயர்:
ஒழுங்கு மீறியவர். சிவப்பு மை.
பிறகு கீழ்ப்படிதல் வந்தது, விழுக்காட்டோடு.
அதை அடித்துவிட்டுக் கடைப்பிடிப்பு என்றார்கள்,
யாரும் யாருக்கும் கீழ் இல்லையாம்.
போன இலையுதிர்காலம் கிஷினாவு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி.
மெல்லிய கழுத்துள்ள இளைஞன் ஒருவன்
சுவரில் உடன்பாடு என்று பெரிதாகப் போட்டான்.
மருத்துவரும் நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்து
சம்பந்தம் பேசுவதுபோல் பேசி முடிக்க வேண்டுமாம்.
நல்ல சொல்தான்.
மதியம் கோழிச் சூப்பு, சூடாக.

திரும்பி வந்து கணினியைத் திறந்தேன்.
அதே இரண்டு கட்டம்:
விழுங்கினார்.
விழுங்கவில்லை.

நூற்றுப் பதின்மூன்றாம் நாள்
அவருக்குப் பின்னால் கண்ணாடிமேல் வெள்ளைத்துணி.
எங்கள் பக்கம் வீட்டில் பிணம் இருந்தால் அப்படித்தான் மூடுவோம்.
யார் என்று அவர் சொல்லவில்லை.
ஒலிப்பதிவில் பக்கத்து அறை முனகல், ஒரு மணியோசை.
பதின்மூன்றையும் விழுங்கினார், நாக்கைத் தூக்கினார்.
முழுமை என்று பச்சை விழுந்தது.
நான்தான் விழவைத்தேன்.

நூற்று நாற்பத்தொன்றாம் நாள்
மாத்திரைகளைத் தட்டில் வரிசையாய் அடுக்கி
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
வேகத்தைக் குறைத்தேன்.
"சிஸ்டர், ஜன்னலுக்கு வெளியே பிளம் பழுத்திருக்கிறது.
இதுகள் உள்ளே போனால் பழம் வெளியே வந்துவிடும்.
ஒரு நாள், ஒரே ஒரு நாள்,
பழம் உள்ளே இருக்கட்டுமே."

மூன்று தின்றார்.
மூன்றாவதன் கொட்டையை உள்ளங்கையில் துப்பிக் காட்டினார்.
பிறகு, பழக்கதோஷம்,
வாயைத் திறந்தார்,
நாக்கைத் தூக்கினார்.
அடியில் ஒன்றுமில்லை.
நீலச்சாயம் மட்டும்.

அன்றிரவு பதினொன்று நாற்பதுக்கு இன்னொரு பதிவு.
விளக்கில்லாத சமையலறை, ஃபோன் வெளிச்சம்,
பதின்மூன்றும் ஒவ்வொன்றாய்.
எட்டு மணிக்கே பொறி பூட்டிக்கொள்ளும்.
அதன் கணக்கில் அவர் தவறியவர்,
விழுக்காட்டில் ஒரு புள்ளி சறுக்கல்.

குறிப்புக்கு நாற்பது எழுத்து இடம் தருகிறார்கள்.
"பிளம், மூன்று. வாய் திறந்து காட்டினார்"
என்று எழுதிவைத்தேன்.
மாதக் கடைசியில் தலைமையகத்திலிருந்து கேட்டார்கள்:
இது பக்கவிளைவா, தட்டச்சுப் பிழையா?
இன்னும் பதில் போடவில்லை.

இன்றைக்கு நூற்று எழுபது.
சட்டைக்காலர் பெரிதாகிவிட்டதா, கழுத்து சிறுத்துவிட்டதா,
தெரியவில்லை.
தட்டில் மாத்திரைகளை எண்ணினேன்.
பதினான்கு வந்தது.
பின்னால் ஓட்டி மறுபடி எண்ணினேன்.
ஓரத்தில், காய்ந்து சுருங்கி,
அந்தக் கொட்டை.