இருபத்தொன்பது கிராம்

யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம்.
ஒரு மின்விசிறி ஓடுகிறது, மற்றது
ஓடுவதாய் நடிக்கிறது.
கொக்குவில் வெதுப்பகக்காரர் குலநாயகம்
தண்டப்பணத்துக்கு எதிராய் மேன்முறையீடு.
ஒரு றாத்தல் பாண்
நானூற்றைம்பதில் நிற்கவேண்டிய முள்
நானூற்று இருபத்தொன்றில் நின்றுவிட்டது.

சட்டத்தரணி எழும்பி "மை லோட்" என்கிறார்.
நான் "கனம் நீதிபதி அவர்களே" என்கிறேன்.
பதினாறு வருடமாய் இந்தச் சொல்லை
இப்படித்தான் கரை சேர்த்து வருகிறேன்.

நேற்றிரவு அகராதியில் அதன்
வேரைப் பிடித்து இழுத்தேன்.
வாள் வரவில்லை. குதிரை வரவில்லை.
பாண் வந்தது.
லோட் என்றால் பாணைக் காவல் காத்தவன்.
லேடி, அதற்கு மாப் பிசைந்தவள்.
அந்த வீட்டில் வேலைக்கு நின்றவனுக்குப்
பாண்தின்னி என்று பெயராம்.
சிரித்தேன்.
செஞ்சோற்றுக் கடன் ஞாபகம் வர
சிரிப்பு பாதியில் நின்றது.
எங்களிடமும் பானையை உடையவர்தான் உடையார்;
பாணுக்கும் பானைக்கும் ஒரு சுழிதான் தூரம்.

அப்ப இந்த மன்றில் லோட் ஆர்?
ஆசனத்தில் இருப்பவர்
இடியப்பம் சாப்பிட்டு வந்திருப்பார்.
குலநாயகமோ, மா வராத அந்த வருடங்களில்
விடியப்புறம் மூன்று மணிக்கு
ஜாம்போத்தல் விளக்கும் பூவரசந்தடியுமாய்
வரிசைக்கு முன்னால் நின்றவர்.
ஆளுக்கு அரை றாத்தல்.
தராசை ஒருவரும் கேட்கவில்லை.
பத்தொன்பதாவதாய் நின்ற பாண்தின்னி
நான்.

பின்வாங்கில் நாவாந்துறைப் பெர்னதேத்து,
நகக்கண்ணில் மா. அவ பிசைந்த பாண்தான்.
முதலாளிக்காக வந்திருக்கிறா,
இன்றைக்குக் கூலியில்லை.
அகராதிப்படி சீமாட்டி.
"அங்கால தள்ளி இரு" என்கிறான் காவலாளி.

என் பதவிக்கும் முதலியார் என்றுதான் பெயர்.
முதல் எங்கே என்று
கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் தெரியும்.

சட்டத்தரணி திரும்பவும் "மை லோட்".
"பாண் காவலரே" என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
விழுங்கினேன். தொண்டையில்
கொஞ்சநேரம் நின்று இறங்கியது.

தவணை. மாசி இருபத்துமூன்று.
"என்னவாம், முதலியார்?" என்கிறார் குலநாயகம்.
இதை மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.
தெருவில் பாண் ஆட்டோ
பாட்டோடு போகிறது.
நீதிபதியின் சாரதி கைகாட்டி மறித்து
ஒரு றாத்தல் வாங்குகிறான்,
வாங்கியதை உள்ளங்கையில் ஒருதரம்
தூக்கிப் பார்க்கிறான்.