இரண்டு ஐந்து சதம்

நோர்லேனில் யூலை மாதம், காலை ஆறே முக்கால்.
கராஜுக்குள் என் மூச்சு
எனக்கு முன்னால் புகையாய்ப் போகிறது.
இரவு முழுக்க நின்ற கால்களை மடித்து
மோட்டார் சைக்கிளின் இடப்பக்கம் குந்தியிருக்கிறேன்.
ஏழே காலுக்கு ஜெயரூபன் இதை எடுக்க வேண்டும்.

ஒரு வண்டி, இரண்டு வேலை.
ஆசுப்பத்திரிச் சலவைக்கு நான் இரவில்,
கோழித் தொழிற்சாலைக்கு அவர் பகலில்.
கைபிடி உறை ஆறுவதேயில்லை.

அவருக்கு நீள விரல்.
கிளட்ச் எட்டத்தில் பிடிக்க வேண்டும்.
எனக்கு அது நுனிவிரலோடு நின்றுவிடும்.
ஆகவே நான் அரைச்சுற்று உள்ளே திருகுவேன்,
அவர் அரைச்சுற்று வெளியே திருகுவார்.
ஒன்பது மாதம்.
இதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை.
பேசுவதெல்லாம் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்:
பால் முடிஞ்சுது.
வாடகை கட்டியாச்சு.
ஒருமுறை மட்டும், அடிக்கோடிட்டு:
நியூட்ரல் விழுதில்லை.

அது நான் திருகிய நாள்.
சிவப்பு விளக்கில் அவர் கால் தடவித் தடவித் தேடியிருக்கும்,
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்திருப்பான்.
அவர் திருகிய நாளில்
ஏற்றத்தில் இயந்திரம் கத்தும்,
சில்லு கேட்காது.
நேற்றிரவு கத்தியதோடு
கருகிய வாடையும் வந்தது.

கையேட்டில் போட்டிருக்கிறது:
இரண்டிலிருந்து மூன்று மில்லிமீற்றர் தளர்வு.
யாருடைய விரலுக்கு என்று போடவில்லை.

ரப்பர் உறையைப் பின்னுக்கு இழுத்து
மேல் திருகை முழுதாய் உள்ளே விட்டேன்.
அதன் கழுத்து முழுக்க எங்கள் அரைச்சுற்றுகள்,
மரை தேய்ந்து மினுங்கியது.
பிறகு கீழே, பத்தாம் நம்பர் ஸ்பேனரால்
இயந்திரத்தோடு சேரும் இடத்தில் இறுக்கி,
தளர்த்தி,
மறுபடி கொஞ்சம் இறுக்கி.
அளக்க ஒன்றுமில்லை. பேர்ஸைக் கவிழ்த்தேன்.
இரண்டு ஐந்து சதம், ஒன்றின்மேல் ஒன்று,
எக்கிட்னாவின் முதுகில் எக்கிட்னா.
பிடிக்கும் தாங்கிக்கும் நடுவில் செருகினேன்.
மட்டுமட்டாய் நின்றன.

"என்ன செய்யிறீர்?"
வாசலில் அவர், சப்பாத்துக் கயிறு கட்டாமல்.
ஒன்பது மாதத்தில் வெளிச்சத்தில் பார்த்தது குறைவு,
காதோரம் நரைத்திருக்கிறது.

"பிடிச்சுப் பாரும்."

பிடித்தார். காசு இரண்டும் விழுந்து
பழைய அலுமாரிக்கு அடியில் உருண்டன.
"கொஞ்சம் கிட்ட நிக்குது."
நானும் பிடித்தேன்.
"எனக்குக் கொஞ்சம் எட்ட."
"அப்ப சரி" என்றார்,
குனிந்து நீள விரலால் ஒரு காசை எடுத்துத் தந்தார்.
மற்றதற்கு நேரமில்லை.

போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.
ஒன்று. இரண்டு.
ஏற்றத்தில் மூன்று.
கத்தவில்லை.

கை கழுவினேன். நகத்துக்குள் கிறீஸ் போகவில்லை.
அப்படியே படுத்துவிட்டேன்.