முழு எண் மட்டும்

விசாவில் ஒரு வரி:
வேலை செய்ய அனுமதி இல்லை.
முப்பத்தொரு வருஷம் இதே ஷார்ஜாவில்
நான் பைப் ஃபிட்டர்.
இப்போது ஸ்பான்சர் என்ற இடத்தில்
கம்பெனி போய்
என் மகள் பெல்சியாவின் பெயர்.

அறுபது முடிந்த அன்று
ஹம்ரியா யார்டில் கேக் வெட்டினார்கள்.
பேக்கரிக்காரன் கைத்தவறில்
லூர்து, லார்டு ஆகியிருந்தது.
ஆண்டவரை
ஆளுக்கொரு துண்டு தின்றோம்.

பிறகு பன்னிரண்டாவது மாடி.
காலையில் மகள் ஆஸ்பத்திரிக்கு
மருமகன் ஜெபல் அலிக்கு
பேத்தி மஞ்சள் பஸ்ஸுக்கு.
ஏழு இருபதுக்கு மேல்
டியூட்டியில் இருப்பது ஏசி மட்டும்.
ஆகஸ்ட் முழுக்க ஓவர்டைம்.
அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் போன் செய்தாள்.
கணக்கெடுப்பாம். இந்தியில் கேட்டாள்:
உங்கள் வாழ்க்கைத் தரத்துக்குப்
பத்துக்கு எத்தனை தருவீர்கள்?

இரும்மா, என்றேன்.
பேஸ்மெண்ட் பம்ப் ரூமில் மண்டியிட்டிருந்தேன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்
கையில் இருபத்துநாலு ஸ்பேனர்.
வாட்ச்மேன் ரஃபிக்குல் டார்ச் பிடித்தான்.
மூன்று நாளாக எட்டாம் மாடிக்குத்
தண்ணீர் ஏறவில்லை.
கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள்,
போட்டோ எடுத்தார்கள், போனார்கள்.

போன் இல்லாத காதைக் குழாயில் வைத்தேன்.
உள்ளே ஒரு முனகல்.
எனக்குத் தெரிந்த முனகல்தான்.
நான்-ரிட்டர்ன் வால்வில் மணல்.

பம்பை நிறுத்தச் சொல்லிக் கழற்றினேன்.
பனியன் நுனியால் துடைத்து மாட்டினேன்.
அனுமதி இல்லாத கை
யாரையும் கேட்காமல் திருகியது:
ஒரு சுற்று
அரைச் சுற்று
இன்னும் கொஞ்சம்
போதும்.
ரஃபிக்குல் சுவிட்சைத் தட்டினான்.
மேலே எட்டாம் மாடியில்
யாரோ மூட மறந்த குழாய்
தும்மியிருக்க வேண்டும்.

லைனில் இருக்கிறீர்களா சார்?

நேற்று கேட்டிருந்தால் நாலும்மா.
இப்போ, முட்டிவலியைக் கழித்து, ஆறரை.
அரையெல்லாம் கிடையாது சார், முழு எண் மட்டும்.
நீயே ஏதாவது போட்டுக்கோ.
எதைப் போட்டாளோ.

அடுத்த கேள்வி:
தற்போது வேலையில் இருக்கிறீர்களா?

ரஃபிக்குல் டார்ச்சை அணைத்தான்.
இல்லை, என்றேன்
இருட்டில்.

போனெல்லாம் கிரீஸ்.
ராத்திரி பெல்சியா கேட்பாள்,
இதென்னப்பா கறுப்பு என்று.